கதைக்குக் கருத்து எழுதுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறுகதை, கவிதை, நாவல் எதையாவது படித்துவிட்டு அதைப் பற்றி நாலு வரி எழுத உட்காரும்போது வருகிற கேள்விகள் இவை. தமிழ் இலக்கியம் படிக்கிறவர்கள், போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்கள், வாசிப்புக் கூட்டங்களுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட இதையேதான் கேட்கிறார்கள். பதில்களில் என் சாய்வு இருக்கும், அதை மறைக்கப் போவதில்லை. கதைகளின் முடிவைச் சொல்லாமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மையக்கருத்து என்றால் என்ன? 'வறுமை' என்று எழுதினால் போதாதா?

தேர்வில் ஒரு மதிப்பெண் கிடைக்கலாம். ஆனால் 'வறுமை' என்பது கதை எதைப் பற்றியது என்பதற்கான பதில், அவ்வளவுதான். வறுமையைப் பற்றி ஆயிரம் கதைகள் இருக்கின்றன. இந்தக் கதை அதைப் பற்றி என்ன சொல்கிறது, யாரைப் பார்த்துச் சொல்கிறது என்று கேட்டால்தான் மையக்கருத்து கிடைக்கும். அது ஒரு சொல்லில் அடங்காது, முழு வாக்கியமாக வரும். அந்த வாக்கியத்தை யாராவது மறுக்க முடிய வேண்டும். 'வறுமை கொடியது' என்பதை யார் மறுக்கப் போகிறார்கள்? யாரும் மறுக்க முடியாத வாக்கியம் எழுதியிருந்தால் கதைக்குள் இன்னும் நுழையவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' 1934இல் வந்த கதை, சில பக்கங்கள்தான். அம்மாளு மில் கூலி. புருஷன் முருகேசன் ஜட்கா என்கிற குதிரை வண்டி ஓட்டுகிறான். விபத்தில் அடிபட்டுப் படுத்துவிடுகிறான், பால்கஞ்சி கேட்கிறான், வீட்டில் காசில்லை. இரவில் தண்ணீர் எடுக்கப் போகிற அம்மாளு, அவள் மேல் ஏற்கெனவே கண் வைத்திருந்த ஒருவனோடு இருளுக்குள் போகிறாள். முக்கால் ரூபாய் கிடைக்கிறது. 'என்னமோ கற்பு, கற்பு என்று கதைக்கிறீர்களே! இதுதான் ஐயா, பொன்னகரம்!' என்று கதை முடிகிறது.

இதற்கு 'வறுமை' என்றோ, 'வறுமை பெண்களைத் தவறான வழிக்குத் தள்ளுகிறது' என்றோ எழுதுபவர்கள் கடைசி வரியைப் படிக்கவே இல்லை என்று நினைக்கிறேன். 'கதைக்கிறீர்களே' என்று யாரைப் பார்த்துக் கேட்கிறான் கதைசொல்லி? அம்மாளுவைப் பார்த்து இல்லை, வசதியாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிற நம்மைப் பார்த்து. கதை முழுக்க அம்மாளு குற்றவாளிக் கூண்டில் நிற்கவே இல்லை. அவள் மனசுக்குள் என்ன ஓடியது என்றுகூடக் கதை எட்டிப் பார்க்கவில்லை. இருளில் மறைகிறார்கள், அடுத்து காசு. அழுகையோ மனசாட்சிப் போராட்டமோ கிடையாது. பத்து வரி அழ வைத்திருந்தால் நாம் அவள்மேல் பரிதாபப்பட்டு, நல்லவர்கள் ஆகி, நிம்மதியாகத் தூங்கப் போயிருப்போம். அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஆகவே என் வாக்கியம் இப்படி இருக்கும்: 'கற்பு என்ற அளவுகோலை வைத்திருப்பவர்களுக்கு, அதைக் கடைப்பிடிக்கும் வசதி எல்லோருக்கும் கிடைக்கவில்லை என்பது தெரியவில்லை, கதை அம்மாளுவை விட்டுவிட்டு அளவுகோல் வைத்திருப்பவர்களை விசாரிக்கிறது.' இதை நீங்கள் மறுக்கலாம். மறுத்தால் பேச்சு தொடங்கும்.

கதை புரிகிறது, ஆனால் எழுத ஒன்றும் வரவில்லை. எங்கே தொடங்குவது?

கருத்தில் தொடங்காதீர்கள். உறுத்துகிற ஒரு சின்ன விஷயத்தில் தொடங்குங்கள். 'இது எதற்கு இங்கே இருக்கிறது, எடுத்துவிட்டால் என்ன குறையும்' என்று கேட்கத் தோன்றுகிற ஏதாவது ஒன்று ஒவ்வொரு நல்ல கதையிலும் இருக்கும். பொன்னகரத்தில் அந்தக் குடும்பத்தின் தலைகளை எண்ணும்போது குதிரையையும் சேர்த்து ஐந்து பேர் என்று எண்ணுகிறான் கதைசொல்லி. சிரிப்பு வருகிறது, அப்புறம் சிரிப்பு நின்றுவிடுகிறது, ஏனென்றால் சம்பாதிக்கிற உயிர்களில் அதுவும் ஒன்று. இந்த ஒரு எண்ணிக்கையை வைத்தே ஒரு பக்கம் எழுதலாம்.

கி. ராஜநாராயணனின் 'கதவு' இன்னும் நல்ல பயிற்சி. ஏழைக் குடும்பம், அப்பா பிழைப்புக்காக வெளியூர் போயிருக்கிறார், பணமும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் வீட்டுக் கதவுதான், அதில் ஏறி ஆடுகிறார்கள். தீர்வை, அதாவது வரி, பாக்கிக்காகக் கிராமத் தலையாரி ஆட்களோடு வந்து கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார். கதவில்லாத வீட்டுக்குள் வாடைக்காற்று நுழைகிறது, கைக்குழந்தை இறந்துவிடுகிறது. பிற்பாடு அந்த வீட்டுப் பெண் லட்சுமியும் அவள் தம்பியும் கேட்பாரற்றுக் கிடக்கிற அந்தக் கதவைக் கண்டுபிடித்துக் கட்டிக்கொள்கிறார்கள்.

இங்கே உறுத்த வேண்டியது எது? கதை விளையாட்டில் தொடங்குகிறது என்பது. கதவு பறிபோவதைத் துயரத்தோடு தொடங்கியிருக்கலாமே. விளையாட்டில் தொடங்கியதால் நமக்கு முதலில் கதவு ஒரு பொம்மையாகத்தான் தெரிகிறது. அது காவல் என்று குழந்தை செத்த பிறகுதான் நமக்கே புரிகிறது. ஜப்தி செய்தவர்களுக்கு அது பாக்கிக்கு ஈடான மரம், பிள்ளைகளுக்கு வண்டி, அம்மாவுக்குச் சுவர் மாதிரி ஒன்று. ஒரே பொருளுக்கு ஆளுக்கு ஒரு விலை. இதைக் கண்டுபிடித்துவிட்டால் 'அதிகாரத்தின் இரக்கமின்மை' என்ற பெரிய சொல்லுக்குப் போகாமலேயே கதையின் மையத்துக்குப் போய்விடலாம். அந்த அதிகாரம் கத்தவில்லை, அடிக்கவில்லை, சட்டப்படி நடந்துகொண்டது என்பதையும் கவனியுங்கள். எனக்கு அந்தக் கதையில் பயமாக இருப்பது அதுதான்.

கவிதையை எப்படி அலசுவது? கதை மாதிரி சம்பவமே இல்லையே.

இருக்கும், சுருங்கிக் கிடக்கும். யார் பேசுகிறார்கள், யாரிடம், எதற்குப் பிறகு என்று மூன்றையும் கேட்டாலே பாதி விரிந்துவிடும். குறுந்தொகை 25, கபிலர் பாடியது:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யான்எவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

தலைவன் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறான். தலைவி தோழியிடம் சொல்கிறாள்: அன்றைக்கு யாரும் இல்லை, அவன் மட்டும்தான் இருந்தான், அந்தக் கள்வன். அவனே இல்லையென்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? தினைத்தாள் மாதிரி மெல்லிய பசுங்கால்களோடு, ஓடுகிற நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற ஒரு குருகும் இருந்தது, அவன் என்னைச் சேர்ந்த பொழுதில்.

'காதலின் ஏக்கம்' என்று எழுதிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போகிறவர்கள் இந்தக் குருகை விட்டுவிடுகிறார்கள். பாட்டு 'யாரும் இல்லை' என்று தொடங்கி 'குருகும் உண்டு' என்று முடிகிறது. அவள் சாட்சி தேடுகிறாள். நினைவை முழுக்கத் துழாவிப் பார்த்ததில் அகப்பட்ட ஒரே சாட்சி ஒரு பறவை. அதுவும் இவர்களைப் பார்க்கவில்லை, மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது! பேசத் தெரியாத சாட்சி, பேசத் தெரிந்தாலும் எதையும் பார்த்திராத சாட்சி. அப்புறம் இன்னொன்று. அசையாமல் நின்று மீனுக்குக் காத்திருக்கிற அந்தக் குருகுக்கும் அவள் 'கள்வன்' என்கிற ஆளுக்கும் ஏதோ ஒற்றுமை இருக்கிற மாதிரித் தெரிகிறது. அவள் அதைச் சொல்லவில்லை. சொல்ல அவளுக்கு இன்னும் மனசு வரவில்லையோ என்னவோ. கால்களுக்கு உவமையாகத் தினைத்தாள் வருவதும் சும்மா இல்லை, தினைப்புனம் காக்கிற மலைநாட்டுப் பெண்ணின் கண்ணுக்கு அதுதான் முதலில் தோன்றும். அந்த நேரத்தில் ஒரு பறவையின் கால் எவ்வளவு மெல்லியது என்றுகூட அவளுக்கு நினைவிருக்கிறது, அவனுக்கோ அந்த நாளே நினைவிருக்குமா என்பது சந்தேகம். இந்த ஏற்றத்தாழ்வுதான் பாட்டு. ஐந்தே வரி.

திணை, துறை, உள்ளுறை எல்லாம் தெரிந்தால்தான் சங்கப்பாடலைத் தொட முடியுமா?

திணை என்பது பாட்டின் நிலமும் அதற்குரிய ஒழுக்கமும், துறை அது எழுகிற சூழல், உள்ளுறை இயற்கைக் காட்சிக்குள் ஒளித்துச் சொல்கிற பொருள். தெரிந்தால் நல்லது, தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். மேலே சொன்னதில் திணையின் பெயரை நான் சொல்லவே இல்லை. ஆனால் 'திணை: குறிஞ்சி' என்று மட்டும் எழுதிவிட்டு அலசிவிட்டதாக நினைக்கிற பழக்கம் இருக்கிறதே, அதுதான் ஆபத்து. அது முகவரி. வீட்டுக்குள் போக வேண்டும். உள்ளுறையும் அப்படித்தான், 'இந்தப் பாட்டில் உள்ளுறை பயின்று வந்துள்ளது' என்று எழுதினால் போதாது, எந்த விலங்கின் எந்தச் செய்கை யாருடைய எந்தச் செய்கையைக் குத்திக்காட்டுகிறது என்று சொல்ல வேண்டும்.

ஒரு கவிதையின் புகழ்பெற்ற வரியை வைத்தே கருத்து எழுதலாமா?

அந்த வரிதான் பல நேரம் ஏமாற்றும். 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' அலங்கார வளைவுகளிலும் விழா மேடைகளிலும் நிற்கிறது. கணியன் பூங்குன்றனாரின் அந்தப் பாடலை, புறநானூறு 192ஐ, முழுக்கப் படித்துப் பாருங்கள். இரண்டாவது வரியிலேயே தீதும் நன்றும் பிறர் தர வாரா என்று வேறு பக்கம் திரும்புகிறது. சாதல் புதிது இல்லை என்கிறது. வாழ்வு இனிது என்று மகிழவும் இல்லை, வெறுத்து இன்னாதது என்று சொல்லவும் இல்லை என்கிறது. மலையிலிருந்து பாறையில் மோதி இறங்குகிற பேராற்றில் நீர் போகிற வழியில் போகிற தெப்பம் மாதிரி, உயிர் முறையின் வழியில் போகும் என்கிறது. அதனால்தான் பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதைவிடவும் இல்லை என்று முடிக்கிறது.

உலகச் சகோதரத்துவப் பாட்டு என்று சொன்னால் தப்பில்லை, ஆனால் அரைகுறை. வாழ்க்கையைப் பற்றிய ஒருவகைப் பற்றற்ற தெளிவிலிருந்து அந்தச் சமத்துவம் பிறக்கிறது. எல்லோரும் ஒரே ஆற்றில் போகிற தெப்பம், இதில் யாரை வியக்க, யாரை இகழ? முதல் வரி முடிவாக எடுக்கப்பட வேண்டிய இடத்தில் தொடக்கமாக நிற்கிறது, பிற வரிகள் அதற்குக் காரணம் சொல்கின்றன. வளைவில் எழுதுகிறவர்களுக்கு அந்தத் தெப்பம் வசதிப்படாது, அது வேறு விஷயம்.

திரும்பத் திரும்ப வருகிற சொற்களுக்கு அர்த்தம் உண்டா, அல்லது ஓசைக்காக மட்டுமா?

எங்கே மாறுகிறது என்று பாருங்கள். பாரி மகளிர் பாடியதாக வருகிற புறநானூறு 112இல் 'அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்' தந்தையும் இருந்தார், குன்றும் இருந்தது. 'இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவில்' குன்றும் போயிற்று, தந்தையும் இல்லை. நிலா மாறவில்லை. வரிசை மட்டும் மாறியிருக்கிறது. முதலில் தந்தை, அப்புறம் குன்று. இரண்டாம் முறை குன்றை முதலில் சொல்லிவிட்டு, 'யாம் எந்தையும் இலமே' என்பதைக் கடைசிக்கு வைத்திருக்கிறார்கள். சொல்லவே முடியாததைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டுக் கடைசியில் சொல்கிற மாதிரி.

ஒரு பொருள் வந்தாலே குறியீடு என்கிறார்களே, எல்லாமே குறியீடுதானா?

இல்லை, இந்த வியாதிக்கு மருந்து தேவை. அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம், குடங்களோடு அலைகிற பெண்கள், தோண்டிப் போட்ட தெருக்கள். நடுவில் சினிமாக் கனவில் சிக்கி நொந்துபோன ஜமுனா, அவள் தங்கை சாயா, தன் வாழ்க்கையைச் சொல்லி ஜமுனாவை நிமிர்த்துகிற டீச்சரம்மா. 'தண்ணீர் வாழ்வின் குறியீடு' என்று எழுதிவிட்டால் முடிந்ததா? அந்த நாவலில் தண்ணீர் முதலில் தண்ணீர். குடத்தில் தூக்க வேண்டியது, தூக்கினால் இடுப்பு வலிப்பது, பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை மூட்டுவது. அப்படி எடையோடு இருப்பதால்தான், ஜமுனாவுக்குள் வற்றிப்போனதும் மறுபடி ஊறுவதும் என்ன என்று நாம் யோசிக்க முடிகிறது. பொருள் பொருளாக நிற்காத இடத்தில் அது குறியீடாகவும் நிற்காது.

பாரதியே இதைக் கிண்டல் செய்திருக்கிறார். குயில் பாட்டை ஒரு மாலை மயக்கத்துக் கனவாக முடித்துவிட்டு, தமிழ்ப் புலவர்களே, கற்பனையாகவே இருந்தாலும் 'வேதாந்தமாக விரித்துப் பொருளுரைக்க' ஏதாவது சற்றே இடமிருந்தால் சொல்லுங்களேன் என்று கேட்டுவிட்டுப் போகிறார். புலவர்கள் விடுவார்களா, அன்றிலிருந்து விரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்த வரிகளை அழைப்பாகவும் படிக்கலாம், சீண்டலாகவும் படிக்கலாம். எனக்குச் சீண்டல்தான் காதில் விழுகிறது.

நாம் சொல்கிற அர்த்தத்தை எழுத்தாளர் நினைத்திருப்பாரா?

வாசிப்புக் கூட்டத்தில் யாராவது கை தூக்கி இதைக் கேட்டே தீருவார்கள். அவர் நினைத்தாரா என்பது வாழ்க்கை வரலாற்றுக் கேள்வி. கதையில் இருக்கிறதா என்பதுதான் நம் கேள்வி. எழுத்தாளர் நினைத்தது கதைக்குள் வராமலும் போகலாம், நினைக்காதது வந்துவிடவும் கூடும்.

எழுத்தாளரே ஒரு கதைக்கு ஒரே முடிவுதான் என்று நம்பியதில்லை என்பதற்கு ஜெயகாந்தனைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1966இல் ஆனந்த விகடனில் 'அக்னிப் பிரவேசம்' வந்தது. மழை நாளில் காரில் ஏறிய கல்லூரிப் பெண் கெட்டுப்போய்விட்டாள் என்று ஊர் சொல்லக்கூடிய நிலையில் வீட்டுக்கு வருகிறாள். தாய் முதலில் அலறினாலும், பிறகு அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, இது நெருப்பென்று நினைத்துக்கொள், நீ சுத்தமாகிவிட்டாய் என்று உள்ளே அழைத்துக்கொள்கிறாள். வாசகர்கள் கொதித்தார்கள், பாராட்டினார்கள், பதில் கதைகளே வந்தன. அப்புறம் ஜெயகாந்தன் என்ன செய்தார்? அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் போயிருந்தால் என்று 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எழுதினார், அதில் வருகிற எழுத்தாளர் பாத்திரமே 'அக்னிப் பிரவேசம்' என்ற கதையை எழுதியவராக வருகிறார். 1972க்கான சாகித்திய அகாதெமி விருது அந்த நாவலுக்குத்தான். இப்போது சொல்லுங்கள், 'ஆசிரியரின் கருத்து' எது? சிறுகதையில் ஒன்று, நாவலில் வேறு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், அந்தப் பெண்ணின் வாழ்க்கை அவள் செய்த எதையும் பொறுத்ததாக இல்லாமல், அன்றைக்கு அம்மா கத்தினாளா அடக்கினாளா என்பதைப் பொறுத்ததாக இருக்கிற கொடுமை தெரிகிறது. தனித்தனியாகப் படித்தால் இது இவ்வளவு தெளிவாகக் கிடைக்காது.

தலைப்பையும் விடாதீர்கள். தலைப்பில் நெருப்பு, கதையில் தண்ணீர். சீதை தன்னை நிரூபிக்க நெருப்பில் இறங்க வேண்டியிருந்தது, இந்தப் பெண்ணுக்கு ஒரு அண்டாத் தண்ணீரும் ஒரு தாயும் போதுமாக இருந்தது. அந்தத் தாயும் தூய்மை, கறை என்கிற பழைய மொழியில்தான் பேசுகிறாள் என்று இன்றைய வாசகர்கள் குறை சொல்வதுண்டு. நியாயமான குறைதான்.

பழைய கதையைத் திருப்பி எழுதினால் எப்படிப் படிப்பது?

மூலம் தெரியாமல் படித்தால் பாதி போய்விடும். புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' கணவனின் சாபத்தால் கல்லான அகலிகையின் கதை. ராமனின் கால் தூசி பட்டுக் கல் பெண்ணாகிறது, அதுவரை பழைய கதைதான். வனவாசம் முடிந்து திரும்பிய சீதை அக்கினிப் பிரவேசத்தைப் பற்றிச் சொல்லும்போது அகலிகைக்குத் தாங்கவில்லை. தன்னை மன்னித்தவன் தன் மனைவியைச் சோதித்தானா? அவள் மறுபடி கல்லாகிறாள். மூலத்திலிருந்து எது மாறியது என்று ஒரு வரி, மாறியதால் யாருடைய தீர்ப்பு கேள்விக்குள்ளாகிறது என்று ஒரு வரி, அது போதும். ராமாயணப் பரிச்சயமுள்ளவர்களுக்குக் கதை பிடிபடாமலும் பிடிக்காமலும் போகலாம், அதைப் பொருட்படுத்தவில்லை என்று அவரே கதைத் தலையில் எழுதிவைத்திருக்கிறார். குறும்புக்காரர்.

கதைசொல்லியும் எழுத்தாளரும் ஒன்றுதானா?

இல்லை. 'நான்' என்று வந்தாலும் இல்லை. அசோகமித்திரன் ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர், 'புலிக் கலைஞன்' சினிமாக் கம்பெனி அலுவலகத்தில் நடக்கிறது என்பதற்காக அதில் பேசுகிற 'நான்' அவரே ஆகிவிட மாட்டார். அந்தக் கதையில் வேலை கேட்டு வருகிற காதர் புலியாகவே மாறிக் காட்டுகிறான். பார்க்கிறவர்கள் மிரள்கிறார்கள், ஆனால் அந்தக் கலைக்குக் கொடுக்க அவர்களிடம் ஒன்றுமில்லை. இதைச் சொல்கிறவனும் அந்த மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன்தான் என்பது முக்கியம். காதரே சொல்லியிருந்தால் புலம்பலாகியிருக்கும்.

நாவல் பெரிதாக இருக்கிறது. முழுவதற்கும் ஒரே மையக்கருத்து கண்டுபிடிக்க முடியுமா?

சில நாவல்களுக்கு முடியும், பலவற்றுக்கு முயல்வதே வீண். நாவலில் கருத்துகள் ஒன்றோடொன்று சண்டை போடும், அந்தச் சண்டையைத் தொடருங்கள். எதைப் பிடித்துக்கொண்டு போவது என்று தெரியாவிட்டால் முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை மாறிக்கொண்டே வருகிற ஒரு இடத்தையோ பொருளையோ உறவையோ பிடியுங்கள்.

சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' 1966இல் வந்தது. தலைப்பே கையைப் பிடித்து அழைத்துப் போகிறது. தாமோதர ஆசான் சொல்கிற பழங்கதைகளின் காலத்தில் அந்த மரம் வேறு, கடைகள் சூழ்ந்த ஜங்ஷனில் அது வேறு, நகராட்சித் தேர்தலும் வியாபாரப் போட்டியும் வந்த பிறகு வேறு. மரம் யாருக்கும் எதுவும் செய்யவில்லை, இடம் மாறவும் இல்லை. சுற்றியிருக்கிற மனிதர்கள் அதற்குத் தருகிற அர்த்தம்தான் மாறிக்கொண்டே வருகிறது, கடைசியில் அந்த அர்த்தங்களுக்காகவே அதைக் கொன்றுவிடுகிறார்கள். மரம் வருகிற இடங்களை மட்டும் பென்சிலால் குறித்துக்கொண்டு இரண்டாம் முறை புரட்டினால், சமஸ்தான காலத்திலிருந்து சுதந்திர இந்தியாவுக்கு ஒரு ஊர் எப்படி வந்தது என்பது தானாகவே வரிசையாகிவிடும். அதில் எவ்வளவு நகைச்சுவை இருக்கிறது என்பதை எழுத மறந்துவிடாதீர்கள், மாணவர் கட்டுரைகளில் அந்த நாவல் ஏனோ ஒப்பாரியாகிவிடுகிறது.

பெண்ணியம், தலித்தியம், மார்க்சியம் என்று கோட்பாடு வைத்துத்தான் படிக்க வேண்டுமா?

கோட்பாடு நாம் கேட்கத் தவறிய கேள்வியைக் கேட்க வைக்கும், அதற்காகக் கற்றுக்கொள்ளுங்கள். பதிலை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு கதைக்குள் போனால்தான் பிரச்சினை. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தது. ஒடுக்கப்பட்டவர்களுக்குத் துணி வெளுக்கிற, அவர்களைவிடவும் கீழே வைக்கப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தவள் ஆரோக்கியம். அடக்குகிறவர், அடங்குகிறவர் என்ற இரண்டு கட்டத்துக்குள் அவளை உட்கார வைக்கவே முடியாது. வந்த காலத்தில் தலித் விமர்சகர்கள் சிலரே அந்த நாவலோடு மோதினார்கள். அந்த மோதலையும் சேர்த்துப் படித்தால் நாவலும் கோட்பாடும் இரண்டுமே கூர்மையாகும்.

அப்படியானால் யார் என்ன விளக்கம் சொன்னாலும் சரியா?

கிடையாது. பிரதியில் எந்த இடம் என்று விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும், உங்கள் விளக்கத்துக்கு எதிராக நிற்கிற வரிகளையும் சமாளிக்க முடிய வேண்டும். ஒரு விளக்கம் இரண்டு வரிக்குப் பொருந்தி எட்டு வரியில் இடறினால் அதைக் கைவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

கைடு, இணையச் சுருக்கம், ஏஐ உதவி எடுக்கலாமா?

கதை நடப்பைச் சரிபார்க்க எடுங்கள், அதையும் மூலத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள், பாத்திரப் பெயரே மாறி வருவதுண்டு. கருத்துக்கு எடுக்க வேண்டாம். 'மனித உறவுகளின் சிக்கலை ஆசிரியர் நுட்பமாகச் சித்தரிக்கிறார்' என்ற வாக்கியம் எந்தக் கதைக்குத்தான் பொருந்தாது? நீங்கள் எழுதியதில் கதையின் பெயரை அழித்துவிட்டு வேறு கதையின் பெயரைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் பொருந்தினால் கிழித்துப் போடலாம்.

பிடிக்காத கதையை என்ன செய்வது?

ஏன் பிடிக்கவில்லை என்று எழுதுங்கள். 'போர் அடிக்கிறது' என்று எழுதாமல், எந்தப் பக்கத்தில் விட்டுப்போனது, கதை அங்கே உங்களிடம் எதை எதிர்பார்த்தது என்று எழுதுங்கள். அதுவும் அலசல்தான், பல நேரம் பாராட்டுக் கட்டுரையைவிட நேர்மையாக இருக்கும்.

முதன்முதலாகத் தனியாக அலசிப் பார்க்க ஒரு கதை சொல்லுங்களேன்.

புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்'. சென்னையில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற பிரமநாயகம் பிள்ளை, நோயாளி மனைவி செல்லம்மாள், இரண்டே பேர். அவள் மூச்சு ஒடுங்கிவிட்டது என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறார். சாவைச் சொல்லிவிட்ட பிறகும் நம்மைப் படிக்க வைப்பது எது? அடுத்து, அவர் அழுகிறாரா, அழாவிட்டால் கைகள் என்ன செய்துகொண்டிருக்கின்றன? இந்த இரண்டை மட்டும் குறித்துக்கொண்டு படியுங்கள். அது அன்பா, கடமையா, களைப்பா, விடுதலையா என்று முடிவு செய்ய அவசரம் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஆதாரமாக ஒரு வரியாவது அந்தக் கதையில் கிடைக்கும், எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டு, எது எதை வெல்கிறது என்று அப்புறம் பாருங்கள்.